சகுந்தலா அக்காவின் இருபதாம் வரி

சகுந்தலா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை மாலை கம்ப்யூட்டர் அறைக்கு வந்தது. என் வகுப்பு ஜெயந்தி நோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தேன். பிசிக்ஸ் சார் உள்ளே வந்து மின்விசிறியை நிறுத்தினார். எதற்கு நிறுத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு, "நம்ம டைப்பிஸ்டம்மா போயிட்டாங்கம்மா. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம்" என்றார். இரண்டு வாரமாக அலுவலகத்தில் அக்காவின் டைப்ரைட்டர் உறை போட்டபடி இருந்ததை எல்லாரும் பார்த்தோம். லீவு முடிந்து வருவார் என்றுதான் நினைத்திருந்தோம்.

திங்கட்கிழமை நடக்கும் இந்த அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி எனக்கு ஒரு பக்கம் தந்தார்கள். அக்கா பதினொரு வருடம் இந்தப் பள்ளியில் வேலை பார்த்ததும், ஒருநாளும் தாமதமாக வராததும், சிரித்த முகமும் அதில் உண்டு. ஒரு பொய்யும் இல்லை. கம்ப்யூட்டர் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அதனால் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படி விளக்கில் இந்த வேறு பக்கத்தை எழுதுகிறேன். காலையில் இதைத்தான் வாசிக்கப் போகிறேன். வாசித்தால், அதிகாரிகள் வந்த அன்று நாங்கள் மறைத்த ஒன்று எல்லார் முன்னாலும் வெளியே வரும். கம்ப்யூட்டர் குழுவில் இருந்து என்னை நீக்கிவிடலாம். அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் அக்காவைத் தெரிந்த உங்களுக்கு, அவர் செய்ததில் பெரியது எதுவென்று தெரியாமல் போகக் கூடாது.

சென்ற வருடம் கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் வகுப்பில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தந்தார்கள். எங்கள் ஒற்றை விரலுக்கு அந்த இரண்டு மணி நேரமும் தட்டுவதற்கே போய்விடும். ஒருநாள் சார் பொறுமை இழந்து, அலுவலகம் முடிந்து கிளம்பிய அக்காவைக் கூட்டி வந்துவிட்டார். அக்கா வாசலிலேயே நின்றார்.

"ஆபீஸ் ஆளுக உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்."

"அந்த நோட்டீச அடிச்சதே நீங்கதானம்மா."

"அடிச்சது நான். எழுதுனது நானில்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அவர் விரல்கள் ஓடியதைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். ஆனால் அன்று அடித்த முதல் வரியையே கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகும் பல வரிகளுக்குத் தவறு, தவறு என்றே காட்டியது. பொட்டி கெட்டுப்போனது என்று சார் பயந்தார். ஜெயந்திதான் திரையருகே கண்ணை வைத்துக் கண்டுபிடித்தாள். அலுவலக டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கட்டையே கிடையாதாம். ஆங்கிலத்தின் சின்ன எல் எழுத்தைத்தான் அடிப்பார்களாம். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று பத்துப் பத்தாகத்தான் எண் கொடுப்போம். பத்தாம் வரி, நூறாம் வரி என்று ஒன்று வரும் எண்களை எல்லாம் அக்கா அப்படியே அடித்திருந்தார்.

"பதினோரு வருசமா எல்ல வச்சு ஒண்ணுன்னு ஓட்டிட்டேன் புள்ள. ஒரு ஆபீசர் கண்டுபிடிச்சதில்ல. இந்தப் பொட்டி ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருச்சு" என்று அக்கா சிரித்தார். அடுத்த வாரம் முதல் அந்தத் தவறு வரவில்லை.

எங்களுக்கு அவர் பாடம் நடத்தியதில்லை. நிரல் எழுதவும் அவருக்குத் தெரியாது. "எழுதுனத அடிப்பேன். நீங்க மனசுல நெனச்சத அடிக்க மாட்டேன்" என்பார். நோட்டில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் திரையிலும் இருக்காது. தெரிந்தேதான் அடிக்காமல் விட்டீர்களா என்று நாங்கள் கோபித்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் எங்கள் நோட்டு சுத்தமாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல் சரிபார்க்கும் அலுவலக வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். ஒருத்தி வாசிப்பாள், அக்கா அடிப்பார், இன்னொருத்தி பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் டிக் போடுவாள். அடைப்புக்குறிகளை மட்டும் அக்கா தன் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் மெல்ல எண்ணிக்கொள்வார்.

அலுவலகக் கடிதத்தின் அடியில் எழுதியவர், அடித்தவர் இருவரின் முதலெழுத்தும் இருக்கும். "நாளைக்குத் தப்புன்னு வந்தா யாரக் கூப்புடுறதுன்னு தெரியணும்ல? நீங்களும் போடுங்கடி" என்றார். கம்ப்யூட்டர் செயல்படுத்தாமல் தாண்டிப் போகிற, படிப்பவருக்காக மட்டும் எழுதும் குறிப்பு வரி ஒன்று உண்டு. எங்கள் நிரலின் இருபதாம் எண் வரியை அதற்கு ஒதுக்கினோம். எழுதியவர்கள் என்று நாங்கள் நால்வர், அடித்தவர் சகுந்தலா பாய்.

"ரெண்டெழுத்துப் போதாதா? முழுப்பேரு என்னத்துக்கு?"

"எழுதுனத அடிங்கக்கா" என்றாள் ஜெயந்தி.

அக்கா அடித்தார். அடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேர நானே அடிக்கிறது இதான் மொதத் தடவ" என்றார்.

அரையாண்டு முடிந்ததும் அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. பெண் பிள்ளைகள் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்றால் கம்ப்யூட்டரை வேறு பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று சார் சொன்னார். நாங்கள் மதிப்பெண்களைக் கூட்டி ரேங்க் வரிசைப்படுத்தும் நிரல் வைத்திருந்தோம். நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அன்று காலை, அதைப் பதிந்து வைத்திருந்த கேசட்டில் இருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாம் தயாராக வைத்தோம். அதிகாரிகள் வந்து தலைமையாசிரியை அறையில் காபி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. பத்து நிமிடத்தில் வந்தது. திரையில் ஒன்றுமில்லை. கேசட்டை மறுபடி போட்டால், டேப் ரெக்கார்டர் நாடாவை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தது நான் திரையைப் பார்த்துப் படியெடுத்து வைத்திருந்த நோட்டு மட்டும்.

"ஓடு, அந்தம்மாவக் கூட்டிட்டு வா" என்றார் சார். ஜெயந்தி ஓடினாள்.

அக்கா பின்வராந்தா வழியாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பத்தாம் எண்ணை வாசித்தேன். அடுத்து இருபது. சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது வேணாம்மா. ஆபீசர் பாத்தா ஆபீஸ் ஆள் எதுக்கு உள்ளன்னு கேப்பாங்க."

"தாள்ல இருக்கே சார்" என்றார் அக்கா.

சார் பென்சிலை வாங்கி நோட்டில் அந்த வரியின் மேல் கோடு போட்டார். அக்கா அதைப் பார்த்தார். "அப்ப முப்பது வாசி" என்றார்.

அறுநூற்று நாற்பதாம் எண் வரை விரல்கள் நிற்கவில்லை. அங்கே இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"என்னக்கா?"

"இந்த எடத்துல எப்பவும் ரெண்டு அடைப்பு மூடுவேன். வெரலு ரெண்டுக்குப் போகுது. நீ ஒண்ணு சொல்ற."

பார்த்தேன். படியெடுக்கும்போது ஒன்றை விட்டிருந்தேன். "என் தப்புக்கா. ரெண்டுதான். அடிங்க."

"தாள்ல திருத்து."

"அக்கா, காபி குடிச்சு முடிச்சிருப்பாங்க."

"குடிக்கட்டும். தாளு தப்பா இருந்தா நாளைக்கும் தப்பாத்தான் அடிப்பேன். மொதல்ல திருத்து."

திருத்தினேன். அந்த ஒரு குறிக்காக அவர் கைகளைத் தூக்கியபடியே காத்திருந்தார். பிறகு விரல்கள் மறுபடி ஓடின. எல்லாம் சேர்த்துப் பதினேழு நிமிடம். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டபோது அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரிகளில் ஒருவர் எங்களைச் சோதிக்க வேண்டுமென்றே இரண்டு மாணவியருக்கு ஒரே மொத்தம் வருகிற மாதிரி மதிப்பெண் சொன்னார். இயக்கினோம். முதல் தடவையிலேயே ஓடியது. இரண்டு பேருக்கும் மூன்றாம் ரேங்க், அடுத்தவளுக்கு ஐந்தாம் ரேங்க். அவர் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். நிரல் அழிந்துபோன கதையைச் சார் சொன்னார். "கரண்ட் போன பெறகு இவ்வளவையும் நீங்களேவா திரும்ப அடிச்சீங்க?" என்று கேட்டார். "ஆமா சார், பிள்ளைங்கதான்" என்றார் எங்கள் சார். நாங்கள் நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர்கள் போனதும் அலுவலகத்துக்கு ஓடினோம். அக்கா தட்டச்சை நிறுத்தாமலே கேட்டார்.

"பொட்டி இருக்கா, போகுதா?"

"இருக்குக்கா."

"அம்புட்டுத்தான வேணும்" என்று மேசையைத் திறந்து ஆளுக்கொரு கடலைமிட்டாய் தந்தார். அந்த வரி போனதை அவர் பெரிதாக நினைக்கவில்லை என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அக்கா இறந்த செய்தி வந்த மறுநாள், சனிக்கிழமை, செல்லூரில் அவர் வீட்டுக்குப் போனோம். சந்து முழுவதும் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அக்காவின் அம்மா எங்கள் சீருடையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீங்கதான் அந்தப் பொட்டிப் பிள்ளைகளா? ஆபீசருக வந்தன்னைக்கு எம்மகதான் அடிச்சுக் காப்பாத்துனாளாமே. தெரு பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சா." பக்கத்தில் இருந்த பெண்கள் தலையசைத்தார்கள். "அதுக்குள்ள அவ பேரு இருக்காம்ல, ரெண்டாவது வரியிலயே? எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. ஆனா ஒரு தடவ காட்டுனா பாத்துக்குவேன்."

அக்கா எல்லாவற்றையும் வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த வரியைக் கோடு போட்டு எடுத்ததை மட்டும் சொல்லவில்லை.

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். "காட்டுறோம்மா. திங்கக்கிழம வாங்க" என்று சொன்னது நான்தான்.

அங்கிருந்து நேரே பள்ளிக்கு வந்தோம். சார் அறையில் தனியாக இருந்தார். நோட்டைத் திறந்து அவர் போட்ட கோட்டைக் காட்டினேன். அக்காவின் அம்மா கேட்டதைச் சொன்னேன். "அன்னைக்கு நானும் பயந்துதாம்மா போயிட்டேன்" என்றார். பிறகு ரப்பரை எடுத்து, எழுத்து அழியாமல் கோட்டை மட்டும் அழித்தார். "பத்துக்கு அடுத்து முப்பதுன்னுதான கெடக்கு. எடம் காலியாத்தான் இருக்கு. உக்காரு."

ஜெயந்தி ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, ஒற்றை விரலால் அந்த வரியை அடித்தேன். இரண்டு புதிய கேசட்டுகளில் பதிந்தோம். கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "பேப்பரு உன் பாடு. பொட்டி என் பாடு. எச்.எம். அம்மா கேட்டாங்கன்னா உள்ள கூட்டிட்டு வந்தது நான்தான்னு சொல்லிர்றேன்" என்றார்.

தலைமையாசிரியை அம்மா அவர்களே, விதியை மீறி அக்கா உள்ளே வந்தது உண்மை. கம்ப்யூட்டர் இன்று நம் பள்ளியில் இருப்பதும் அதனால்தான். அந்த அதிகாரியின் கைதட்டலில் பாதி சகுந்தலா அக்காவுக்கு உரியது. இத்தனை நாள் நாங்கள் நால்வரும் அதை வைத்துக்கொண்டிருந்தோம். இன்று கொடுத்துவிடுகிறோம்.

அவர் வேகம் எனக்கு வராது. நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. எந்த நிமிடமும் அதிகாரிகள் படியேறி வரலாம் என்ற நேரத்தில், தவறு என்று தெரிந்ததும் விரல்களைத் தூக்கிக்கொண்டு, திருத்தும்வரை அசையாமல் இருந்தாரே, அதை நான் வைத்துக்கொள்கிறேன். அந்தத் துணிச்சலில்தான் எனக்குத் தந்த பக்கத்தை மடித்து வைத்தேன்.

அக்காவின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்ததும் அவரை மாடிக்கு அழைத்துப் போகிறோம். யார் வேண்டுமானாலும் கூட வரலாம். இந்த வரி உங்கள் காதில் விழுகிறது என்றால், நான் பாதியில் உட்காரவில்லை.