பஸ்ஸில் கதவு நிலை ஏற்றி வந்த செல்வா

செல்வா போய்விட்டான்…

நம்ம ருவான்வெல்லை – கேகாலை பஸ் கண்டக்டர் செல்வராஜ். இன்று விடியற்காலை, ஹார்ட் அட்டாக். நான் ஸ்டாண்டில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, இன்னும் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவன் மனைவி புஷ்பா.

"நாநா… எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேங்கிறாரு நாநா…"

எஞ்சினை ஆஃப் பண்ணினேன். ஏறி உட்கார்ந்திருந்தவர்களிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

நாநா என்றால் எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். என் தம்பி கூப்பிடுவதைக் கேட்டு அவனும் பழகிவிட்டான். கடைசியில் புஷ்பாவுக்கும் நான் நாநாதான்.

இதை அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். அவனே கட்டிய வீடு. செங்கல் தூக்கிக்கூடப் பழக்கமில்லாத ஒரு பஸ் கண்டக்டர் கட்டியது.

கல்யாணம் முடித்த புதிதில் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே ஒரு அறை, காம்பரா. அண்ணன் குடும்பம் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம், நடுவில் கயிற்றில் ஒரு சேலை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு புஷ்பா எஹலியகொடயில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை.

"தனியா ஒரு வாசல் வைங்க. அன்னைக்கே வர்றேன்னு சொல்லிட்டா நாநா," என்றான் செல்வா.

"கட்டத் தெரியுமாடா உனக்கு?"

"தெரியாது. வீடியோ பார்க்கிறேன்."

தோட்டத்தில் கிடைத்த துண்டுக் காணியில், லீவு நாட்களிலும் பௌர்ணமிப் போயா நாட்களிலும் தனியாகவே ஆரம்பித்தான். அதிலிருந்து எங்கள் பஸ்ஸில் வேறு பேச்சே கிடையாது. கேகாலை ஸ்கூலில் படிப்பிக்கிற சிங்கள மிஸ் ஒருவர் தினமும் ஏறும்போதே "மல்லி, கெதர வெட கொஹொமத?" என்பார். வீட்டு வேலை எப்படிப் போகிறது தம்பி என்று. டிக்கெட் கிழித்துக்கொண்டே பதில் சொல்வான். அத்திவாரம் முடிந்தது… முன் சுவர் ஏறுகிறது…

ஒரு நாள் டிக்கெட் புத்தகத்தை மூடிவிட்டான். நகக்கண்ணெல்லாம் சீமெந்து.

"விழுந்திருச்சு மிஸ்…"

முன் சுவர். முதல் நாள் ஒரே மூச்சில் ஆள் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறான். பின்னேரம் பிடித்த மழையில் அப்படியே சாய்ந்துவிட்டது. அப்புறம் சந்தைக்கு வெற்றிலைக் கூடையோடு போகிற அம்மாதான் ஆரம்பித்தார்: "ஒரே நாள்ல அம்புட்டு ஒசரம் ஏத்துவாங்களா? கொஞ்சம் காயவிட வேணாமா?" பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு யோசனை, தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி. கேகாலை வரும்வரை சண்டை. செல்வா நடுவில் நின்று மாறி மாறித் தலையாட்டினான். இறங்கும்போது அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

கதவு நிலை வாங்கியது கேகாலையில். லொறி பிடிக்க வசதி இல்லை. "நாநா, நம்ம பஸ்லயே…" என்று இழுத்தான். நடுப்பாதையில் நிமிர்த்தி வைத்து சீட் கம்பிகளில் கட்டினோம். அன்றைக்குப் பின் சீட்டுக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் அந்த நிலைக்குள் நுழைந்துதான் போனார்கள். இவன் பக்கத்தில் நின்றுகொண்டு, "வாங்க, வலது காலை எடுத்து வச்சு வாங்க" என்கிறான்! மிஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தார். நான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துச் சிரித்து, நிறுத்த வேண்டிய ஒரு ஹோல்ட்டைத் தாண்டிப் போய் பிரேக் போட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலை, ருவான்வெல்லை ஸ்டாண்டில் புஷ்பா ஏறினாள். கையில் ஒரு பேக். செல்வா அதை வாங்கி முன்னால் வைத்தான். தோட்டத்துச் சந்தியில் சாவியைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டான். டிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவனும் இறங்க முடியாதே… அவள் தனியாகத்தான் மேலே ஏறிப் போனாள்.

கேகாலை வரைக்கும் எனக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"குசினில அடுப்புப் பக்கம் தரைச் சரிவு தப்பா இருக்கு நாநா. தண்ணி ஓடாது. ஜன்னல் ஒண்ணு சரியாச் சாத்தாது. பாத்துட்டுப் போயிருவாளோ?"

"சும்மா இருடா."

திரும்பி வரும்போது சந்தியில் புஷ்பா நிற்கிறாள். நான் பிரேக்கை மிதித்தேன். பஸ் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது. செல்வா ஃபுட்போர்டில் நின்றபடி கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

அவள் கிட்டே வந்து கேட்டாள்: "வெளக்கமாறு எங்க வச்சிருக்கீங்க? வீடெல்லாம் ஒரே சீமெந்துத் தூசி."

அவன் வெளக்கமாறே வாங்கியிருக்கவில்லை.

எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு… அந்த ஆட்களோடு, அந்த ரோட்டில், இன்னும் ஒரே ஒரு டிரிப் அப்படிப் போய்வரக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

இந்த வருஷம் பின்னால் ஒரு அறை இழுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மணல் குவியலைப் பொலித்தீன் போட்டு மூடி வைத்திருக்கிறான். அதன் மேல் இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது. புஷ்பா உள்ளே அவன் தலைமாட்டில் இருக்கிறாள்.

நாளைப் பின்னேரம் எடுக்கிறார்கள். பஸ்ஸில் அவனைத் தெரிந்தவர்கள் முடிந்தால் வாருங்கள். சந்தியில் இறங்கி யாரிடமும் செல்வா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

போய்ட்டு வாடா தம்பி…

இனி யார் என்னை அந்த மாதிரி நாநான்னு கூப்பிடுவாங்க.