அலை வந்தால்தான் சோடா

அவரை நான் முதன்முதலில் சந்தித்தது ஒரு படிவத்தில். நகராட்சியின் உணவுப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். குளிர்பானம் தயாரிக்க உரிமம் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. கதவு எண் என்ற இடத்தில் ‘கதவு உண்டு, எண் இல்லை’ என்றும், தெரு என்ற இடத்தில் ‘தண்ணீர்’ என்றும் எழுதியிருந்தது. முன் அனுபவம் என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் ‘கடலில் முப்பத்தொரு ஆண்டுகள்’. மேலாளர் அதை என் பக்கம் தள்ளி, கெமிஸ்ட்ரி படித்தவன் நீதானே, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி என்று யார் சொன்னாலும் முதுகு தானாக நிமிரும். சட்டையை இன் பண்ணிக்கொண்டு புறப்பட்டேன்.

படகுத்துறையில் விசாரித்ததும் டிக்கெட் கொடுப்பவர் சிரித்துவிட்டார். “நங்கூரத்தையா கேக்கறீங்க? அதோ அந்தப் பச்சைப் படகு. எங்கயும் போயிருக்க மாட்டாரு, கவலைப்படாதீங்க” என்றார்.

கடலில் முப்பத்தொரு ஆண்டுகள் என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. கழிமுகத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பயணிகள் படகு ஒன்று ஓடுகிறது. பதினோரு நிமிடப் பயணம். அதில் டிக்கெட்டில் துளை போடும் வேலை அவருக்கு. முப்பத்தொரு ஆண்டில் ஒருமுறைகூடக் கரை அவர் கண்ணைவிட்டு மறைந்ததில்லை. ஓய்வு பெற்றதும், இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கழித்துப்போட்ட ஒரு படகை வாங்கி, துறையின் ஓரத்தில் இரண்டு கயிற்றால் கட்டி, மனைவியோடு அதில் குடியேறினார். அன்றிலிருந்து அந்தப் படகு ஒரு முழம் நகர்ந்ததில்லை. அதனால்தான் நங்கூரம். அவரோ அந்தப் பட்டத்தை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

பலகையில் கால் வைக்கும் முன்பே கை காட்டி நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, தோளில் ஏதோ பட்டை, தலையில் தொப்பி. கட்டிப்போட்ட படகில் ஏற அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். கேட்டேன். கொடுத்தார்.

தயாரிப்பு முறையை விளக்கச் சொன்னேன். அதற்குத்தான் காத்திருந்தவர்போல, இன்ஜின் இருந்த குழிக்கு இறக்கிக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கரியமில வாயு சிலிண்டர். அதிலிருந்து ரப்பர் குழாய்கள் கிளை பிரிந்து, மரத்தொட்டில் ஒன்றில் படுத்திருந்த பன்னிரண்டு புட்டிகளுக்குப் போயின. இணைப்புகளில் கவ்விக்குப் பதிலாகத் தையல் நூல் சுற்றியிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் வாயுவை ஏற்றி, புட்டியை நன்றாகக் குலுக்கினால் வாயு கரையும். சோடாவுக்கு அவ்வளவுதான் வித்தை. உலகத்தில் எல்லாரும் கையாலோ மெஷினாலோ குலுக்குகிறார்கள். இவருக்குக் கடல் குலுக்கிக் கொடுத்தது.

“கையால ஆட்றவன் கடைக்காரன் தம்பி. இது அலை ஆட்ற சோடா” என்றார்.

அந்தத் துறையில் அலையே கிடையாது. தடுப்புச் சுவருக்குள் தண்ணீர் அண்டாவில் மொண்டு வைத்ததுபோலக் கிடக்கும். அலை என்று ஒன்று வருவது, அரைமணிக்கு ஒருமுறை பயணிகள் படகு கடந்து போகும்போது மட்டும்தான். அப்போது தொட்டில் இரண்டு நிமிடம் ஆடும். பிறகு அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் வால்வு திறந்தே இருக்கும். ஏன் என்று கேட்டதற்கு, அலை எப்போது வரும் என்று யார் கண்டது, தயாராக இருக்க வேண்டாமா என்றார். அவர் தலைக்கு மேல் பயணிகள் படகின் நேர அட்டவணை ஒட்டியிருந்தது.

அன்று வரை உரிமம் இல்லாமல் நண்பர்களுக்கு மட்டும் கொடுத்துவந்தார். துறையின் கேன்டீனில் வைத்து விற்க வேண்டும், புட்டி மேல் தொப்பி வைத்த தன் முகம் இருக்க வேண்டும் என்பது கனவு. லேபிள்கள் முன்கூட்டியே அச்சாகி மூலையில் அடுக்கியிருந்தன. உரிமம்தான் பாக்கி.

எலுமிச்சை சோடா ஒன்றைத் திறந்து நீட்டினார். குடித்தேன். சுரீர் என்று ஏறியது. நன்றாகவே இருந்தது என்பதை மறைக்க முடியாது. அடுத்த புட்டி வெறும் எலுமிச்சைத் தண்ணீர். அது காலை எட்டரை மணிப் படகில் செய்ததாம். அந்தப் படகு தாமதமாக வந்து மெதுவாகப் போனதால் இப்படி ஆகிவிட்டதாம். குற்றம் ஓட்டுநருடையது.

செய்த சரக்கை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதும் பக்கத்துக் கீழறையைக் காட்டினார். குழிக்கும் அறைக்கும் நடுவே ஒரு துணித்திரை. அங்கே துணி பறக்காமலிருக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, உயரமான முக்காலியில் உட்கார்ந்து அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்தார். துறைப் பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையெல்லாம் அவர் கையில்தான் உருவாகும். நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தார். அக்கா, உடம்பு சரியில்லையா என்றேன்.

ஆறு மாதமாகத் தலைவலி என்றார். காலையில் லேசாக ஆரம்பிக்கும், மத்தியானம் மண்டை பிளக்கும், மூச்சு வாங்கும். படகுக்காரர்கள் சாப்பாட்டுக்காக இரண்டு மணி நேரம் ஓட்டத்தை நிறுத்தும்போதுதான் மோசம். நங்கூரம் குறுக்கே புகுந்து, அது அஜீரணம், தினமும் ஒரு புட்டி சோடா கொடுக்கிறேன், கேட்டால்தானே என்றார். சோடா குடித்தால் குறைகிறதா என்று கேட்டேன்.

“மேல போய் குடிச்சா குறையுது” என்றார் அந்த அம்மா.

பேச்சோடு பேச்சாக, பக்கத்திலிருந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். கரி போட்ட பெட்டி. மூடியைத் திறந்து காட்டி, இதையும் பாருங்கள் என்றார். நெருப்பு கறுத்துக்கொண்டு வந்தது. கீழே வைத்தால் அணைகிறது, மேல்தளத்துக்கு எடுத்துப்போய் ஊதினால் பிடித்துக்கொள்கிறது. ஈரக் கரியைத் தலையில் கட்டிவிட்டான் என்று நங்கூரம் கரிக்காரரிடம் மூன்று முறை சண்டைக்குப் போயிருந்தார். மூன்றாவது முறை கரிக்காரர் இவருடைய தொப்பியைப் பற்றி ஏதோ சொல்லிவிட, பேச்சுவார்த்தை முறிந்தது.

நூல் சுற்றிய இணைப்புகளில் கசியும் கரியமில வாயு நினைவுக்கு வந்தது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும் என்று முதலாண்டில் படித்திருக்கிறேன். தண்ணீரை உள்ளே விடாத படகு, வாயுவை வெளியே விடாது. தீப்பெட்டி கேட்டு வாங்கி, ஒரு குச்சியைக் கொளுத்தி மெல்லக் கீழே இறக்கினேன். முழங்கால் உயரத்தில் அணைந்தது. இன்னொன்று. அதே உயரத்தில், யாரோ கிள்ளி எறிந்ததுபோல.

அக்கா, முதலில் மேலே போங்கள் என்றேன். அவர் எழுந்து படிக்கட்டில் நின்றுகொண்டார். நங்கூரம் என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். கடற்காற்றில் நமுத்துப்போன குச்சி என்றார். ஒவ்வொன்றாகக் கொளுத்தி இறக்கி, பதினான்கு குச்சிகளைத் தீர்த்தார். பதினான்கும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் ரோஷம் வந்துவிட்டது.

“கப்பல் ஏறினவனுக்குப் பாடம் எடுக்கிறியா? நான் தரையில உக்காந்து காட்றேன், பாரு” என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

எழுந்திருங்க என்று நான் கத்தி முடிப்பதற்குள் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. முகம் வியர்த்தது. தொப்பி முதலில் சாய்ந்தது, பின்னாலேயே அவர். நான் ஒரு கையையும் அவர் மனைவி இன்னொரு கையையும் பிடித்து இழுத்து, படிகளில் தேய்த்துக்கொண்டு மேலே கொண்டுவந்து போட்டோம். நல்ல காற்று பட்டதும் கண்ணைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். துறையில் எட்டுப் பத்துப் பேர் கூடியிருந்தார்கள்.

“கடல் கொஞ்சம் கொந்தளிப்பா இருக்கு” என்றார்.

தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போட முடியாது என்றும், சிலிண்டரையும் தொட்டிலையும் திறந்த மேல்தளத்துக்குக் கொண்டுவந்து, இணைப்புகளைச் சரிசெய்தால் மறுபடி வருகிறேன் என்றும் சொன்னேன். மேல்தளத்தில் தொட்டில் கட்ட இடமில்லை, கையால்தான் குலுக்க வேண்டும், ஊரே பார்க்குமே என்று அவர் முனகினார். அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார்.

“அந்தச் சிலிண்டர் கீழ இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க.”

அவர் யோசித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. பார்வை ஒருமுறை குழிப்பக்கம் போய்விட்டு வந்தது; அந்த ஒரு நொடியை மனைவி பார்த்துவிட்டார். தையல் மெஷினின் தலையை அவர் தூக்கிக்கொண்டார், காலை நான் தூக்கிக்கொண்டேன். துறையில் பூட்டிக்கிடந்த சாமான் அறையை டிக்கெட் கொடுப்பவர் திறந்துவிட்டார். அன்றே அங்கே சீருடைகள் தொங்கின. மூன்றாம் நாள் தலைவலி போய்விட்டது.

நங்கூரம் துறையெங்கும் வேறு கதை சொல்லித் திரிந்தார். மனைவிக்கு ஆர்டர் குவிந்துவிட்டதாம், கரையில் ஒரு கிளை திறந்திருக்கிறார்களாம். தனியாக இருந்த ஒன்பது நாளும் ஜன்னல்களை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு, தொட்டிலை விடாமல் அலைக்குக் காத்திருந்தார். ஐந்தாம் நாள் பயணிகள் படகு பழுதுபார்க்கப் போயிற்று. கடல் அவரைக் கைவிட்டது. எனக்கு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: படகைச் சீக்கிரம் ஓடவைக்க உணவுப் பிரிவு ஆவன செய்ய வேண்டுமாம். மேலாளர் அதை உரக்கப் படித்தார். அலுவலகமே அன்று வேலை செய்யவில்லை. வழக்கமாகச் செய்யும் என்று நான் சொல்லவரவில்லை.

பத்தாம் நாள் நான் கேன்டீனைச் சோதிக்கப் போயிருந்தபோது, அவர் ஒரு புட்டியோடு சாமான் அறை வாசலில் நின்றார். சமாதானத் தூது. அந்த அம்மா வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“இது எந்தப் படகுல செஞ்சது?”

“படகு ஓடலையே. சும்மா வாயுவை ஏத்தி வச்சேன்.”

“அதான் குழாய்த் தண்ணி மாதிரி இருக்கு. கையால குலுக்கினா என்ன?”

“எல்லாரும் பாப்பாங்க. சிரிப்பாங்க.”

“இப்ப மட்டும் என்ன பண்றாங்கன்னு நெனக்கிறீங்க?” என்றார் அந்த அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. “உங்க தொப்பிக்குப் பயந்துட்டு நான் ஆறு மாசம் விஷக்காத்து குடிச்சேன். நீங்க பத்துப் பேர் சிரிப்பக் குடிங்க. சாக மாட்டீங்க.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதுவே அவர் வாழ்க்கையில் பெரிய சாதனை. மறுநாள் துறைக் கூலிகள் இருவரைப் பிடித்துச் சிலிண்டரை மேல்தளத்துக்கு ஏற்றினார். குழாய்களுக்குச் சரியான கவ்விகள் வந்தன. மேல்தளத்தில் நின்று, இரண்டு கையிலும் புட்டியைப் பிடித்து, உடம்பெல்லாம் அதிரக் குலுக்கினார். முதல் நாள் துறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. பழுது நீங்கித் திரும்பிய பயணிகள் படகின் ஓட்டுநர், கடந்து போகும்போது மரியாதையாக ஒரு ஹாரன் அடித்தார். நங்கூரம் அதற்கும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். நான் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழ் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது உரிமம் அந்த அம்மாவின் பெயரில் இருக்கிறது. அது அவர் வைத்த நிபந்தனை. தையல் சாமான் அறையில்தான் நடக்கிறது, சாயங்காலம் படகுக்குத் திரும்பிவிடுகிறார். கேன்டீனில் ஒரு நாளைக்கு நாற்பது புட்டி போகிறது. நங்கூரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மேல்தளத்தில் குலுக்குகிறார், பிறகு வெறும் புட்டிகளைக் கழுவுகிறார்.