கையெழுத்துக்கு ஆகாத கை

தஞ்சாவூரில் நான் நரம்பு டாக்டராக உட்கார்ந்த புதிதில், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குத்தகை விவசாயி ஒருவர் வந்தார். நெட்டை உருவம், முறுக்கிவிட்ட வெள்ளை மீசை. மடியில் கிடந்த வலது கை நடுங்கும்போதெல்லாம் செல்லப்பிள்ளை மாதிரி அதைத் தட்டிக்கொடுப்பார். கூடவே மிராசுதாரின் காரியஸ்தர்.

"குத்தகையை விட்டுடறேன்னு இவர் கையெழுத்துப் போடணும் டாக்டர். பேனாவை நீட்டினா கை ஆடுதுங்கிறார். கைநாட்டும் வைக்க மாட்டாராம்."

"கைநாட்டெல்லாம் எங்கப்பன் காலத்தோட போச்சுங்க," என்றார் விவசாயி.

காரியஸ்தரை வெளியே அனுப்பிவிட்டு நடுக்குவாதத்தை விளக்கினேன். மூளை செல்லுக்குள் ஒரு புரதம் திரண்டு கட்டியாகிறது. செல் வேலை செய்ய முடியாமல் செத்துப்போகிறது.

"வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்ச மாதிரி. தூர் வார முடியாதுங்களா?"

"முடியாது. மாத்திரை நடுக்கத்தை மட்டும் குறைக்கும்."

பெயரை எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். இந்த நோயில் பெரும்பாலும் சும்மா கிடக்கும் கைதான் ஆடும். வேலை கொடுத்தால் அடங்கும். அடங்கியது. எழுத்து பொடியாக, ஆனால் தெளிவாக விழுந்தது. அவர் தாளை மடித்து இடுப்பில் செருகினார்.

"இது நமக்குள்ள இருக்கட்டுங்க."

வெளியே வந்ததும் காரியஸ்தர் கேட்டார்: "எப்போங்க சரியாகும்?"

"திரண்ட புரதத்தைக் கரைக்க மருந்தே கிடையாது," என்றேன்.

இன்றும் கிடையாது. ஆகவே நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

வாசலில் விவசாயி என்னைக் கும்பிட்டார். கும்பிட்ட கை துளியும் ஆடவில்லை. நல்லவேளை, காரியஸ்தர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.