அப்பளம் நொறுக்கியவள்

போன மாதம் திருவேற்காட்டில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் அப்பளம் விழுந்ததும் என் கண் எதிர்வரிசையில் ஓரகத்தியைத் தேடியது. என் கொழுந்தனாரின் மனைவி. அப்பளத்தைப் பார்த்தாலே எனக்கு அவள் ஞாபகம் வரும், கூடவே வயிறும் எரியும். என்ன செய்வது, பொறாமை அப்படி.

சில வருஷங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒரு சின்ன நாடக அரங்கில், மறைந்துபோன வானொலிச் சிரிப்பு நடிகர் ஒருவருக்காக நினைவு நிகழ்ச்சி போட்டோம். நான் வளர்ந்த ஆவடி குவார்ட்டர்ஸில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அவர் நாடகம் அலறும். கேட்டுக் கேட்டு, அவருக்கு மனைவியாகப் பேசும் அம்மாளின் வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதிலும் அந்த அப்பள நாடகம்! புருஷன் சமையலறையில் திருட்டுத்தனமாக அப்பளம் தின்பார். சத்தம் கேட்டு மனைவி யாரென்று கேட்க, "மியாவ்" என்பார். "பூனையா? நல்லவேளை. அவரா இருந்தா இன்னும் ரெண்டு சுடச்சுடப் பொரிச்சுக் குடுத்திருப்பேன்" என்பாள் மனைவி, நிதானமாக. ஒரு நொடி அமைதி. அப்புறம் அவர் வாயிலிருந்த அப்பளம் நொறுக்கென்று உடையும். குவார்ட்டர்ஸே சிரிக்கும்.

நினைவு நிகழ்ச்சியில் அதே நாடகத்தை மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. அந்த மனைவி வேஷம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நிகழ்ச்சியை நடத்திய மன்றத்து அண்ணன் ஓரகத்தியைப் போட்டார். "கொரலு உன்க்கு சோக்காத்தான் கீதும்மா. ஆனா மேடைன்னா மூஞ்சியும் பாப்பாங்க இல்ல?" என்றார். எனக்குக் கொடுத்த வேலை, திரைக்குப் பின்னால் ஒரு மைக் முன் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குவது. அடப்பாவி! வானொலியில் எவன் மூஞ்சியைப் பார்த்தான்? அவளோ பட்டுப்புடவையில் ஜொலித்தாள். "அக்கா, பூ சரியா கீதா?" என்று என்னிடமே வந்து கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

வானொலி முறைப்படி தாளைப் பார்த்தே வாசிக்க வேண்டும். புரட்டினால் மைக்கில் சரசரக்கும் என்பதால், படித்த தாளைத் தரையில் நழுவ விட்டுவிட வேண்டும். ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிகழ்ச்சியன்று புழுக்கம் தாங்காமல் யாரோ பெரிய விசிறியை மேடைப்பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரு தாளை விட அவள் விரலைத் தளர்த்தியதுதான் தாமதம், மிச்சத் தாள்களும் பறந்தன. புருஷன் வேஷக்காரர் "மியாவ்" சொல்லிவிட்டு நிற்கிறார். திரை இடுக்கில் பார்த்தால், அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த வசனம் அநாதையாகப் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? என் மைக்கில் நானே சொன்னேன். கெட்டிக்காரி, சட்டென்று வாயசைத்தாள். நான் அப்பளத்தை நொறுக்கினேன். அரங்கம் அதிர்ந்தது. மாலையும் சால்வையும் அவளுக்கு. "நீ இல்லன்னா என் மானம் பூட்ருக்கும்கா" என்று வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னிடம் சொன்னாள், ஊரிடம் சொல்லவில்லை.

போன மாதப் பந்தியில் யாரோ அவளிடம் ஆரம்பித்தார்கள்: "அந்த அப்பள டயலாக் ஒருவாட்டி சொல்லேன்!" அவள் இலையிலிருந்து நிமிர்ந்து சொன்னாள். 'நல்லவேளை'க்குப் பிறகு ஒரு மூச்சு, 'ரெண்டு' என்பதில் கொஞ்சம் இழுவை. வானொலி அம்மாள் அப்படிச் சொல்லவே மாட்டார். அது என் மூச்சு, என் இழுவை. சொல்லி முடித்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். என்னை அறியாமல் என் கை இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கியது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள்.