ஊஞ்சல் கம்பத்தைக் குத்திப் பார்த்தேன்

பெரிய பேரன் பேங்க் பரீட்சையில் பாஸ். பேத்தி திவ்யாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் நிலா நேற்றுதான் ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கினாள்.

அந்த நிலா இன்று சாயங்காலம் எங்கள் சேக்காடு வீட்டுத் தோட்டத்து ஊஞ்சலில் ஆடும்போது, மளுக்கென்று ஒரு சத்தம். என் மகன் குமார் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டான்.

"யம்மா, தொண்ணூத்தொண்ணுல நட்ட கருவேலங்கம்பம். உளுத்துப் போய்கீது. நாளைக்கே அறுத்துட்டு இரும்பு நட்டுடறேன்."

அதை நம்பித்தானே தினமும் குழந்தையை உட்கார வைக்கிறேன்?

மண்ணை ஒட்டிய இடம்தான் முதலில் கெடும். அங்கே தோண்டிக் கத்தியால் குத்தினேன். சதக்கென்று இறங்கியது.

"பாத்தியா?" என்றான்.

இன்னும் அழுத்தினேன். நகத்தளவு போனதும் கத்தி நின்றுவிட்டது. வெளுத்த மேல்பாகம்தான் கெட்டிருந்தது. உள்ளே வைரம் கல்லாட்டம் இருந்தது.

"இப்ப மேல ஊஞ்சல் தொங்கிக்கினு கீற சட்டத்தக் குத்துடா நைனா."

ஸ்டூலில் ஏறிக் குத்தினான். கத்தி பிடிவரை போனது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அவனே பளபளப்பைப் பார்த்து வாங்கிவந்து மாட்டிய மாமரச் சட்டம்.

"பாலிஷ் போட்டுக் குடுத்தாம்மா..."

"மழைக்கு உன் பாலிஷ் தெரியுமாடா?"

புதுச் சட்டத்துக்கு வைரம் பாய்ந்த கருவேலமோ வேம்போ ஆவடிப் பக்கம் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். குமாரை மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள்.

திவ்யா, இந்தக் குரூப்பில் உன் புதுப் படம் ஒன்று போடு கண்ணு. போன பொங்கலுக்கு அந்தச் சட்டத்துக்குக் கீழே நீ ஆடிய படத்தைப் பார்க்கவே இன்று பயமாக இருக்கிறது.