மாறாத மூன்று கேள்விகள்

“நோயாளி தெளிவாக இருக்கிறார். பெயர், ஊர், கிழமை மூன்றையும் சரியாகச் சொன்னார். வேலைக்குப் போகலாம்.”

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கடலூரில் நான் நர்ஸாக இருந்த தனியார் மனநல மருத்துவமனையில், கலியமூர்த்தி என்ற மின்வாரிய லைன்மேனின் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியது இது. தேதி எனக்குத் தெரியும். நோயாளி யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் கிழமையோடு நிறுத்துகிறேன். பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

கலியமூர்த்தி சிதம்பரம் பக்கம். மகள் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மனச்சோர்வில் விழுந்தார். சோறு இறங்கவில்லை, பேச்சு நின்றது, ஒருநாள் தூக்கில் தொங்கப் போனவரை மனைவி வளர்மதி பிடித்து இழுத்திருக்கிறார். மயக்க மருந்து கொடுத்து மூளைக்குச் சில நொடிகள் மின்சாரம் செலுத்தும் இசிடி சிகிச்சை தொடங்கினோம். மூன்றாவது முறை முடிந்ததும் இட்லி கேட்டார். அடுத்த முறை வார்டு பாய் கிண்டலடித்தான்: “கரண்டுக்காரருக்கே கரண்டு வெக்கிறோம், பாத்துக்குங்க.” அவர் விடவில்லை: “ஒங்க வோல்டேஜ் பத்தாதுடா.”

அந்தச் சிகிச்சை உயிர் காக்கும். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய சில மாதங்களின் ஞாபகம் சிலருக்கு அழிந்துபோகும். பெரும்பாலும் திரும்பும், சிலது திரும்பாது. அந்த அறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். வெளியே காத்திருந்தவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மயக்கம் தெளிந்ததும் மூன்று கேள்விகள் கேட்போம். பேரு என்ன, இது எந்த ஊரு, இன்னைக்கு என்ன கெழம. வருஷக்கணக்காக அதே மூன்று. சரியாகச் சொன்னால் டீயும் பன்னும் வரும், வீட்டுக்கும் போகலாம். அதனால் வராந்தாவில் பழைய நோயாளிகளின் உறவினர் புதியவர்களுக்குப் பாடம் எடுப்பார்கள். வளர்மதியும் ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே கணவர் காதில் ஓதுவார்: “இன்னைக்கு வியாழன். வியாழன். மறந்துடாதீங்க.”

கடைசி நாள் நான் நாலாவதாக ஒன்று கேட்டேன். “பொண்ணு கல்யாணம் நல்லா நடந்துச்சா?”

அவர் சிரித்தார். “இன்னும் மாப்ளையே பாக்கல சிஸ்டர். அவ படிச்சிக்கிட்டு இருக்கா.”

வளர்மதி என்மேல் பாய்ந்தார்: “என்னா சிஸ்டர் நீங்க, சிலபஸ்ல இல்லாததெல்லாம் கேக்குறீங்க?”

டாக்டரிடம் போனேன். “டிப்ரெஷன்லயே ஞாபகம் கொறையும் சிஸ்டர். தானா வந்துடும். இதெல்லாம் சொன்னா பயந்துக்கிட்டு ஒருத்தரும் ட்ரீட்மென்ட்டுக்கு வரமாட்டாங்க.”

“அவரு போஸ்ட் ஏறுற ஆளு சார்.”

“ஃபிட்னு எழுதியாச்சு. விடுங்க.”

வளர்மதியைத் தனியே கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குக் கம்பம் ஏற விடாதீர்கள் என்றேன். “சர்டிபிகேட்ல ஃபிட்டுன்னு போட்டுட்டு, வாயால ஏறாதன்னா எந்த ஆபீசர் கேப்பாரு?” என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

அடுத்து நடந்ததை ரிவ்யூவுக்கு வந்தபோது வளர்மதிதான் சொன்னார். ஒரு தெருவில் கம்பி பழுது. கலியமூர்த்தி தனக்கு ஞாபகமிருந்த டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் செய்துவிட்டுக் கம்பம் ஏறியிருக்கிறார். கூட வேலை பார்க்கும் வளர்மதியின் தம்பி அப்போதுதான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறான்.

“மாமா, கைய வெக்காத! எறங்கு! கரண்டு இருக்கு! இது இப்ப கோயில் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் லைனு!”

“எவன்டா மாத்துனது?”

“நீதான் மாமா மாத்துன! கல்யாணத்துக்கு முன்னாடி!”

இறங்கியவர் கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதாராம்.

இதையும் டாக்டரிடம் சொன்னேன். “ஒண்ணும் ஆகலல்ல?” என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அங்கே கேள்விகள் மாறவும் இல்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு: சிகிச்சைக்கு முன்பே பக்கவிளைவைச் சொல்லுங்கள். பயந்தால் உட்கார்ந்து பேசுங்கள்; மறைக்காதீர்கள். நோயாளியின் சொந்த வாழ்க்கையிலிருந்து முதலிலேயே கேட்டுவைத்து, முடிந்ததும் அதையே திரும்பக் கேளுங்கள். என்ன வேலைக்குத் திரும்புகிறார் என்று பார்த்து ஃபிட் எழுதச் சொல்லுங்கள்.

போன மாதம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கலியமூர்த்தியைப் பார்த்தேன். “எல்லாம் வந்துடுச்சு சிஸ்டர். பொண்ணு மாம்பழக் கலர் பொடவ. பந்தியில ரசம் தீந்துபோச்சு” என்றார். பக்கத்தில் நின்ற வளர்மதியின் உதடுகள் அவரோடு சேர்ந்தே அசைந்தன.

ஞாபகம் திரும்பியதா, சொல்லிக்கொடுத்ததா என்பதை நான் சரிபார்க்கவில்லை. அவர் இப்போது கம்பம் ஏறுகிறாரா என்பதும் எனக்குத் தெரியாது.