சாமில் ரோட்டில் தண்ணீர் அடித்தவன்

இது கதை இல்லை. நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பேய் என்றதும் அமாவாசை, நள்ளிரவு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இதில் அதெல்லாம் கிடையாது. பட்டப்பகல். பிப்ரவரி மாதம், எங்கள் ஊரில் தார் உருகுகிற மாதம். மணி பன்னிரண்டு பத்து.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஊர் எங்களுடையது. அனல்மின் நிலையத்தை மூடினார்கள், அதோடு ஊரும் படுத்துவிட்டது. மிச்சம் இருப்பது பைன் மரக் காடும், அந்தக் காட்டுக்குள் ஊரான் எல்லாம் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து கொட்டுகிற குப்பையும்தான்.

டானியா பொர்டெல்லிக்கு அந்தக் குப்பையோடுதான் வேலை. நகராட்சிக் கவுன்சிலில் சட்டவிரோதக் குப்பைத் தடுப்பு அதிகாரி. பெயர்தான் பெரிது. எவனோ கொட்டிவிட்டுப் போவான். இவள் போய்க் கிளறித் தடயம் தேடி, படம் எடுத்து, மஞ்சள் நாடா கட்டி, அவனைப் பிடித்து அபராதம் போடவேண்டும். பிடிபடுவது அபூர்வம். பிடிபட்டவனும், "லாரி என் மச்சானோடது, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கையை விரிப்பான்.

மெத்தை, டயர், பழைய ஃபிரிட்ஜ் என்றால் பரவாயில்லை. வீட்டை இடித்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால்தான் ஆபத்து. நம் தமிழ்நாட்டில் கூரையாகப் போட்டு, அடியில் பாய் விரித்துத் தூங்குகிறோமே, அதே சாம்பல் நிற ஷீட்தான். உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். மூச்சோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இருபது வருடம், முப்பது வருடம் சும்மா இருக்கும். பிறகு ஒருநாள் இருமல் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

இதைக் கையாள ஒரு முறை உண்டு. தொடக்கூடாது. நார் பறக்காமல் இருக்கத் தண்ணீர் அடித்து நனைக்கவேண்டும். கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடவேண்டும். பிறகு, தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட உரிமக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். டானியாவுக்கும் ஒரு பெட்டி வெள்ளை உடுப்பு கொடுத்திருந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே அது காலி. கேட்டால், ஆர்டர் போட்டாச்சு என்பார்கள். மூன்று வருடமாக அதே பதில். ஆகவே சாதாரணச் சட்டையோடு போனாள், அதே சட்டையோடு வீடு திரும்பினாள். கதவைத் திறந்ததும் நாலு வயது மகள் இம்மி ஓடிவந்து அந்தச் சட்டையில்தான் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். டானியாவுக்குத் தன்னைப் பற்றிப் பயம் இல்லை. பயமெல்லாம் அந்தக் குழந்தையைப் பற்றித்தான்.

அன்றைக்கு சாமில் ரோட்டில் லாரி ஒன்று கொட்டிவிட்டுப் போனதாகத் தகவல் வந்தது. காட்டு வழியில் வண்டியை ஓரம் கட்டி இறங்கினாள். ஆளுயரக் குவியல். ஒரு மெத்தை, பத்துப் பன்னிரண்டு டயர், மிச்சமெல்லாம் நொறுங்கிய சாம்பல் ஷீட்.

குவியலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்றிருந்தான். வெள்ளை உடுப்பு, முகமூடி, முதுகில் தண்ணீர் டப்பா, கையில் நீளக் குழாய். ஷீட்டின் மேல் நிதானமாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஆச்சரியம். உரிமக்காரர்கள் வர வாரக்கணக்காகும். இவன் அவளுக்கு முன்னாலேயே வந்து வேலையைத் தொடங்கிவிட்டான். பரவாயில்லை, கவுன்சிலுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள். பாவம்.

"ஹலோ... உங்கள யாரு அனுப்புனாங்க?"

அவன் திரும்பவில்லை.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவன் வந்த வண்டி எங்கே? ஊரிலிருந்து பதினாலு கிலோமீட்டர். ரோட்டில் அவள் வண்டியைத் தவிர வேறு வண்டி இல்லை.

இறங்கும்போது காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுச் சத்தமும் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிட்டே போனாள். தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தரை காய்ந்து கிடந்தது. ஷீட்டும் காய்ந்துதான் கிடந்தது.

அவன் அடுத்த ஷீட்டுக்கு நகர்ந்தான். வழியில் மெத்தை இருந்தது. குழாயை மூடினான். மெத்தையைத் தாண்டினான். மறுபடி திறந்தான். டயர் வந்தது. மூடினான். ஒரு சொட்டு அதன் மேல் விழவில்லை. ஷீட்... ஷீட்... ஷீட் மட்டும்தான்.

முகமூடிக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. கரகரவென்று இழுக்கிற சத்தம். இழுத்தான். மறுபடி இழுத்தான். மறுபடியும்...

வெளியே விடுகிற சத்தமே கேட்கவில்லை.

டானியாவின் மனசு ஓடச் சொன்னது. கால் அசையவில்லை.

அவன் நின்றான்.

மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

முகமூடிக் கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில் தூசி. கண் தெரியவில்லை.

குழாயைத் தூக்கினான்.

ஸ்ஸ்ஸ்...

அவள் நெஞ்சின் மேல்.

காலரில். தோளில். இரண்டு கைகளிலும். அவசரமே இல்லை. ஷீட்டுக்கு அடித்த மாதிரியே, ஓர் இடம் விடாமல்... மறுபடி நெஞ்சில். நெஞ்சில்தான் அதிக நேரம்.

ஜில்லென்று இருந்தது. எலும்புவரை ஜில்லென்று. குனிந்து பார்த்தாள்.

சட்டை நனையவில்லை.

போன் அடித்தது. நிமிர்ந்தாள். குவியல் இருந்தது. அவன் இல்லை. சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது.

போனில் அவளுடைய மேலதிகாரி க்ரெய்க்.

"டானியா, போட்டோ எடுத்தியா?"

"க்ரெய்க்... இங்க ஆள் யாரையாவது அனுப்புனியா?"

"எந்த ஆளு?"

"வெள்ளை உடுப்பு."

"அவங்க அடுத்த வாரம்தான். அதுவும் சந்தேகம். ஏன், வெயில் மண்டையில ஏறிடுச்சா? தொப்பி போட்டுக்கம்மா."

பேச்சை வெட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். நேராக அலுவலகம் போகவில்லை. வழியில் நெவில் ஹோர்னர் வீட்டில் நிறுத்தினாள். அவளுக்கு முன்னால் இருபது வருடம் இதே வேலையைப் பார்த்தவர் நெவில். இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியை விட்டு எழாமல் இருக்கிறார். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"வாம்மா குப்பை ராணி. என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

அவள் சொன்னாள். சாமில் ரோடு, வெள்ளை உடுப்பு, தண்ணீர். பாதியிலேயே அவர் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது.

"உன் மேல அடிச்சானா?"

"ம்."

"எங்க?"

அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

நெவில் ஜன்னலைப் பார்த்தார். குழாயில் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கும் அங்கதான். ஒம்பது வருஷம் ஆச்சு. அப்ப எனக்கு இருமல்கூடக் கிடையாது."

"யாரு நெவில் அவன்?"

"யாருக்குத் தெரியும். பவர் ஸ்டேஷன்ல செத்தவன்னு சொல்லுவாங்க. அதுவும் பொய்தான். அந்தக் காலத்துல அங்க யாருக்கு உடுப்பு குடுத்தாங்க?" இருமினார். இருமல் நின்றதும் கேட்டார். "டயர் மேல அடிச்சானா?"

"இல்ல."

"மெத்தை மேல?"

"இல்ல."

அவர் மேலே சொல்லத் தேவை இல்லை. எதற்குத் தண்ணீர் அடிப்பார்கள் என்று டானியாவுக்குத் தெரியாதா? நார் எதில் இருக்கிறதோ, அதற்குத்தான் அடிப்பார்கள். அவள் அழவில்லை. போய்ப் பரிசோதனை செய்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது? முப்பது வருடம் கழித்துத் தெரிவதை இன்றைக்கு எந்த டாக்டர் பார்த்துச் சொல்லுவார்? சொன்னாலும் எதைக் கொடுத்து அதை வெளியே எடுப்பார்?

"அவனப் பாத்தவங்க எத்தன பேரு?"

"கவுன்சில்ல நாலு பேரு. அதுல இப்ப உசுரோட மிச்சம் நான்தான்."

கேட்க விருப்பமில்லாத குரலில் கேட்டார்.

"வீட்டுல உன் துணிய யாரு துவைக்கிறா?"

"புருஷன்தான். ஷேனுக்கு வேலை போனதுல இருந்து வீட்டு வேலையெல்லாம் அவன்தான் பாக்குறான்."

"என் வீட்டுல என் பொண்டாட்டி ஜோன் துவைச்சா. துவைக்கிறதுக்கு முன்னாடி தினம் வாசப்படியில நின்னு உதறுவா." மூச்சு வாங்கினார். "எனக்கு முன்னாடியே போய்ட்டா."

டானியா எழுந்தாள். கதவுவரை போவதற்குள் கை தானாகப் போனை எடுத்திருந்தது. ஷேன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன். ஏன் முன்னாடியே சொல்லல?"

"எத?"

"உங்க ஆபீஸ் ஆளு வருவான்னு. பின்னாடி தோட்டத்துல நிக்கிறான்."

அவள் வண்டியைப் பார்த்து ஓடினாள்.

"வெள்ளை உடுப்பு, முகமூடி எல்லாம் போட்டிருக்கான். கொடியில கெடந்த உன் சட்டைக்கெல்லாம் தண்ணி அடிச்சான். ஏதோ சோதனைன்னு விட்டுட்டேன். கேட்டா பதிலே சொல்லல, திமிரு பிடிச்சவன்."

"ஷேன்... இம்மி எங்க?"

"அவளா? அவன் முன்னாடிதான் நிக்கிறா. வெயிலுக்கு நல்லா இருக்காம். கைய விரிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா."

"அவளத் தூக்கு. உடனே தூக்கு."

"இரு, போறேன்..." பின்கதவு திறக்கிற சத்தம். குழந்தையின் சிரிப்பு. ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... "ஆனா டானியா..."

"என்ன?"

"இவ்வளவு நேரமா அவ மேல அடிக்கிறான். புள்ள நனையவே இல்ல."